பழைய பஜேரோ, ஜிம்னி, சர்ஃப் வண்டிகளுக்கு டோர் பேட் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று வண்டிகளுக்கு என் கையாலேயே டோர் பேட் மாற்றியிருக்கிறேன். முதலில் என்னுடைய பஜேரோ, 1991க்கு முந்தைய பழைய உடம்பு. அப்புறம் மச்சானின் ஹைலக்ஸ் சர்ஃப், போன வருடம் பக்கத்து வீட்டு ஜிம்னி. நான் மெக்கானிக் இல்லை, யாங்கோனில் ஒரு சாதாரண வேலையில் இருப்பவன், ஞாயிற்றுக்கிழமை கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். ஆனால் கோயிலில் பார்த்தாலும் கல்யாண வீட்டில் பார்த்தாலும் "அண்ணே, அந்தக் கதவு வேலை எப்படிச் செய்தீர்கள்?" என்று அதே கேள்விகள் வருகின்றன, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

டோர் பேட் என்று எதைச் சொல்கிறீர்கள்?

கதவின் உள்பக்கம், இரும்பை மறைத்துக்கொண்டு ரெக்சின் ஒட்டி நிற்கும் அட்டையை. பழைய வண்டிகளில் அது பெரும்பாலும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஹார்டுபோர்டு, மேலே மெல்லிய ஸ்பாஞ்சு, அதற்கு மேல் ரெக்சின். ஓரத்தில் வரிசையாக பிளாஸ்டிக் கிளிப்புகள் கதவின் துளைகளில் குத்தி நிற்கும். 1990களில் வந்த வண்டிகளில் அச்சில் வார்த்த பேட் வந்துவிட்டது, அதை வீட்டில் செய்வது கஷ்டம், பழுது பார்க்கலாம், இல்லையென்றால் பழைய சாமான் கடையில்தான் தேட வேண்டும். தாத்தா காலத்து வில்லிஸ் ஜீப் வைத்திருப்பவர்கள் இதைப் படிக்கவே வேண்டாம், சண்டைக்கு வந்த அந்த வண்டிக்கு இரும்புக் கதவே கிடையாது.

நம் ஊரில் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் ஊதிப்போகிறது?

தண்ணீர். யாங்கோனில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு மே நடுவிலிருந்து அக்டோபர் வரை கொட்டிவிடுகிறது. அது போதாதென்று ஏப்ரலில் திஞ்சான், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா. நமக்குச் சித்திரை பிறக்கும் அதே நாட்களில் ஊரே குழாயும் வாளியுமாக நிற்கிறது, ஜீப்பில் பின்னால் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு கண்ணாடியை இறக்கிவிட்டு ஊர்வலம் போனால் பேடின் மேல் நேராகவே தண்ணீர் அடிக்கும். ஹார்டுபோர்டு என்பது மர நாரை அழுத்திச் செய்தது, ஒரு தடவை நன்றாகத் தண்ணீர் குடித்தால் இட்லி மாதிரி உப்பும், காய்ந்த பிறகும் பழைய வடிவத்துக்கு வராது. முதலில் கீழ் ஓரம் அலை அலையாக வளையும், அப்புறம் கிளிப் பிடித்திருக்கும் இடம் பொடியாக உதிரும், அதன் பிறகு கதவைச் சாத்தும் ஒவ்வொரு தடவையும் பேட் தனியாக ஒரு சத்தம் போடும்.

சரி, புது பேட் வாங்கி மாட்டினால் முடிந்ததுதானே?

இல்லை. மற்றதையெல்லாம் விட்டாலும் இந்தப் பதிலை விடாதீர்கள்.

கதவுக்குள் தண்ணீர் போவது கோளாறு அல்ல, கதவை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கண்ணாடியில் வழியும் மழைநீரில் கொஞ்சம் வெளி ரப்பரைத் தாண்டி கதவின் வயிற்றுக்குள் இறங்கும், அடியில் இருக்கும் வடிகால் துளைகள் வழியாகத் தெருவில் விழும். நடுவில் அது பேடைத் தொடாமல் இருக்க, இரும்புக்கும் பேடுக்கும் இடையில் ஒரு பாலித்தீன் தாளை கறுப்புப் பசையால் ஒட்டியிருப்பார்கள். முப்பது வருடத்தில் யாரோ ஒரு மெக்கானிக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷினைப் பார்க்க அந்தத் தாளைக் கிழித்திருப்பார், திரும்ப ஒட்டியிருக்க மாட்டார். அன்றைக்கே உங்கள் பேடுக்கு நாள் குறித்தாயிற்று.

எனக்கு நடந்தது இதுதான். முதல் தடவை ஒரு பட்டறையில் காசு கொடுத்து நான்கு கதவுக்கும் புது பேட் போட்டேன், பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது. ஆகஸ்டில் கீழ் ஓரம் மறுபடி வளைந்தது, தரை விரிப்பில் ஈர நாற்றம். கழற்றிப் பார்த்தால் தாளே இல்லை, போதாக்குறைக்கு வடிகால் துளையை அவர்கள் சிலிக்கான் போட்டு அடைத்திருந்தார்கள், "தண்ணீர் வருகிறது" என்று நான் சொன்னதற்கு அவர்கள் கண்ட வைத்தியம் அது. கதவுக்குள் ஒரு குவளை தண்ணீர் தேங்கி நின்றது, கதவை ஆட்டினால் சலசலவென்று கேட்டது.

கழற்ற என்னென்ன சாமான் வேண்டும்?

நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர், அகலமான பட்டி பிளேடு ஒன்று, அதைச் சுற்ற டேப், ஒரு பழைய லுங்கித் துணி. டிரிம் கழற்றும் பிளாஸ்டிக் கவைக்கோல் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் பட்டி பிளேடே போதும்.

ஸ்க்ரூ டிரைவர் விஷயத்தில் ஒன்று. ஜப்பான் வண்டிகளின் நட்சத்திரத் திருகுக்கு ஜப்பான் அளவே தனி, பல திருகுகளின் தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும். கடையில் கிடைக்கும் சாதாரண பிலிப்ஸ் முனை அதில் முழுதாக உட்காராமல் மேலே ஏறி நழுவும், இரண்டு தடவை நழுவினால் தலை மொட்டையாகிவிடும். ஜேஐஎஸ் முனை கேட்டு வாங்குங்கள். கிடைக்கவில்லையென்றால் பிலிப்ஸை நன்றாக அழுத்திக்கொண்டே மெதுவாகத் திருப்புங்கள், துருப்பிடித்த திருகென்றால் முந்தின நாள் ராத்திரியே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள்.

எந்த வரிசையில் கழற்றுவது?

முதலில் கண்ணாடியை முழுக்க ஏற்றுங்கள். கைப்பிடி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கைபேசியில் ஒரு படம் எடுங்கள், திரும்ப மாட்டும்போது இரண்டு கதவிலும் ஒரே மாதிரி நிற்காவிட்டால் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் கண்ணை உறுத்தும். அப்புறம் கை வைக்கும் தாங்கியின் திருகுகள், அவை அடியிலோ சின்ன மூடிக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கும். அடுத்து உள்கைப்பிடியைச் சுற்றியிருக்கும் கிண்ணம், பூட்டுக் குமிழ், கடைசியாகக் கண்ணாடி ஏற்றும் கைப்பிடி. இவ்வளவும் போன பிறகு கீழ் மூலையில் பட்டி பிளேடை விட்டு, கிளிப்புக்கு நேர் பக்கத்தில் வைத்து நெம்புங்கள். இரண்டு கிளிப்புக்கு நடுவில் நெம்பினால் கிளிப் நிற்கும், அட்டை கிழியும். கீழ், இரண்டு பக்கம் என்று விட்டுக்கொண்டே வந்தால் கடைசியில் மேல் விளிம்பு மட்டும் கண்ணாடி இடுக்கில் தொங்கும். அதை இழுக்காதீர்கள், நேராக மேலே தூக்குங்கள்.

நல்ல வெயில் நேரத்தில் செய்யுங்கள். பழைய பிளாஸ்டிக்கும் ரெக்சினும் சூட்டில் கொஞ்சம் இளகும். டவுன்ஜி பக்கம் மலையில் இருப்பவர்கள் ஜனவரி காலையில் இதில் கை வைத்தால் பாதி கிளிப் படபடவென்று ஒடியும்.

கண்ணாடி ஏற்றும் கைப்பிடி கழறவே மாட்டேன் என்கிறது, திருகும் இல்லை!

திருகு இருக்காது. கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவில் குதிரை லாடம் மாதிரி ஒரு கம்பி கிளிப் பிடித்திருக்கிறது. பேடைக் கொஞ்சம் உள்ளே அழுத்தி, லுங்கித் துணியின் ஓரத்தைக் கைப்பிடிக்குப் பின்னால் செருகி, இரண்டு முனையையும் இழுத்து, தயிர் கடைவது மாதிரி இப்படியும் அப்படியும் ஓட்டுங்கள், துணி லாடத்தின் வாயில் மாட்டி அதை வெளியே தள்ளும். டிக் என்று ஒரு சத்தம், கிளிப் பறக்கும். எங்கே பறந்தது என்று ஒரு மணி நேரம் தேடாமல் இருக்க இன்னொரு ஆளை எதிரில் ஒரு துண்டோடு நிறுத்துங்கள், என் மகன் அந்த வேலைக்கு ஐஸ்கிரீம் கேட்கிறான்.

திரும்ப மாட்டும்போது கிளிப்பை முதலிலேயே கைப்பிடியில் செருகிவிட்டு, தண்டின் மேல் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு. அவ்வளவுதான்.

கிளிப் உடைந்துவிட்டது. வேறு வண்டி கிளிப் போடலாமா?

போடலாம். கதவின் துளை அளவு, பேடின் துளை அளவு, கிளிப்பின் கழுத்து உயரம், இந்த மூன்றும் ஒத்துப்போக வேண்டும். உடையாத ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், வண்டி பெயர் சொல்லி வாங்காதீர்கள். கதவுக்குப் பத்து கிளிப் என்றால் பதினைந்தாக வாங்குங்கள். துளை துருப்பிடித்துப் பெரிதாகியிருந்தால் கிளிப் நிற்காது, அங்கே ரப்பர் வாஷர் ஒன்று சேர்த்துப் பாருங்கள். சில பேர் எல்லா இடத்திலும் தகடுத் திருகு அடித்து முடித்துவிடுகிறார்கள். கிராமத்துச் சாலையில் ஓடும் வண்டிக்கு அதுவும் தப்பில்லை, ஆனால் திருகு உள்ளே எதைத் தொடுகிறது என்று பார்த்துவிட்டு அடியுங்கள், கண்ணாடி இறங்கும் வழியில் நீளத் திருகு போனால் கண்ணாடி போச்சு.

பழைய பேட் வாங்குவதா, புதிதாகச் செய்வதா?

ஜப்பானிலிருந்து வந்து உடைக்கப்பட்ட வண்டியின் பேட் நல்ல நிலையில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள், அந்த அமைப்பு நாம் செய்வதில் வராது. வாங்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். மூன்று கதவு வண்டியின் முன்கதவும் ஐந்து கதவு வண்டியின் முன்கதவும் பெரும்பாலும் ஒரே நீளம் இல்லை. அடுத்தது பவர் விண்டோ என்றால் எல்லாக் கண்ணாடிக்குமான ஸ்விட்ச் கூட்டம் ஓட்டுநர் கதவில் இருக்கும், நம்மிடம் இருப்பது பெரும்பாலும் வலது ஸ்டியரிங் என்பதால் அது வலக் கதவு. இடது ஸ்டியரிங் வண்டியின் பேட் கைக்கு வந்தால் துளையெல்லாம் மாறி நிற்கும்.

கிடைக்காவிட்டால் செய்யலாம். ஒரு ஞாயிறு கழற்ற, வெட்ட. இன்னொரு ஞாயிறு ஒட்ட, மாட்ட.

எந்தப் பலகை நல்லது?

மறுபடி ஹார்டுபோர்டு வேண்டாம் என்பது என் கட்சி. மலிவு, வெட்ட சுலபம், ஆனால் நம் மழைக்கு ஆகாது. தண்ணீர் தாங்கும் பசையில் செய்த 3 மில்லிமீட்டர் பிளைவுட் நல்லது, நான் போட்டது அதைத்தான். ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஷீட் அதைவிட நல்லது, தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது, ஆனால் ரெக்சின் ஒட்ட முகத்தை உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்க வேண்டும். கடைப் பெயர்ப்பலகைக்குப் போடும் அலுமினியம் பூசிய ஷீட்டும் போட்டிருக்கிறார்கள், பார்த்தேன், நிற்கிறது, கொஞ்சம் கடகட என்கிறது.

தேக்கு நாடாயிற்றே, தேக்குப் பலகையிலேயே போட்டால் என்ன என்று ஒரு பெரியவர் கேட்டார். அழகுதான் ஐயா. ஆனால் தடிமன் 5, 6 மில்லிமீட்டர் ஆகிவிட்டால் கிளிப்பின் கழுத்து எட்டாது, கண்ணாடிக் கைப்பிடியின் தண்டும் வெளியே போதுமான அளவு நீட்டாது, லாடக் கிளிப் பிடிக்காது. பழைய அட்டை எவ்வளவு தடிமனோ அதே தடிமன், அதைத் தாண்ட வேண்டாம்.

எப்படி அளவெடுத்து வெட்டுவது?

பழைய பேட் எவ்வளவு மோசமாக இருந்தாலும் தூக்கிப்போடாதீர்கள், அதுதான் உங்கள் மாதிரி. ரெக்சினை உரித்து, அட்டையைப் புதுப் பலகை மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரையுங்கள். உப்பிய அட்டை கொஞ்சம் பெரிதாகக் காட்டும், கதவில் வைத்துப் பார்த்துச் சரி செய்யுங்கள். ஒரு பக்கம் வரைந்ததைத் திருப்பிப் போட்டால் மறுபக்கக் கதவுக்கு ஆகும், ஆனால் கிளிப் துளைகளைச் சரிபார்க்காமல் நம்பாதீர்கள்.

பேடே இல்லாத வண்டி என்றால் ஒரு வழி இருக்கிறது. கதவில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் குழைத்த தனகாவை, அதாவது இங்கே பெண்கள் கட்டையை உரைத்து முகத்தில் பூசும் சாந்தைத் தடவுங்கள், வீட்டில் எப்படியும் இருக்கும். மேலே ஒரு பெரிய அட்டைப்பெட்டித் துண்டை வைத்து அழுத்தி எடுத்தால், பழுப்பு அட்டையில் மஞ்சள் வெள்ளையாக வளையம் வளையமாக விழுந்திருக்கும். என் மனைவியின் தனகாக் கட்டை அன்றைக்குப் பாதியானது, அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

வெட்டிய பிறகு பிளைவுட்டின் ஓரங்களுக்கும் துளைகளுக்குள்ளும் இரண்டு கை வார்னிஷ். தண்ணீர் குடிப்பது முகம் அல்ல, ஓரம்தான். பலர் முகத்துக்கு மூன்று கை அடித்துவிட்டு ஓரத்தை மறந்துவிடுகிறார்கள்.

ரெக்சின் சுருக்கம் விழாமல் ஒட்டுவது எப்படி?

சுற்றிலும் இரண்டரை சென்டிமீட்டர் கூடுதல் விட்டு ரெக்சினை வெட்டி, அரை மணி வெயிலில் போடுங்கள், மடிப்பெல்லாம் தளரும். ஸ்பாஞ்சு 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், தடித்தால் பேட் கதவோடு படியாமல் கிளிப்பைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ரப்பர் சொல்யூஷனை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரல் வைத்தால் நூல் இழுக்காமல் லேசாக ஒட்டும் பதம் வரும்வரை பொறுங்கள், பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும், மழைக்காலத்தில் கூடவே ஆகும். ஈரத்தோடு அவசரப்பட்டு ஒட்டினால் வெயிலில் நிற்கும் வண்டியில் அது கொப்பளமாக எழும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டே போங்கள். மூலையில் பின்பக்கம் சின்னச் சின்னதாக வி வடிவத்தில் வெட்டிவிட்டு மடித்தால் தடிக்காது. இந்தப் பொறுமை இல்லையென்றால் பலகையை மட்டும் வெட்டிக்கொண்டு போய் சீட் தைப்பவரிடம் கொடுத்துவிடுங்கள், வெட்கமே இல்லை, மச்சான் வண்டிக்கு நான் அப்படித்தான் செய்தேன்.

அந்த பாலித்தீன் தாளை எப்படிப் போடுவது?

பழையது முழுதாக இருந்தால் முடி காய வைக்கும் டிரையரால் பசையைச் சூடாக்கி மெதுவாக உரித்துத் திரும்பவும் ஒட்டலாம். இல்லையென்றால் தடித்த பாலித்தீன், கறுப்பு பியூட்டைல் பசைக் கயிறு. கதவின் ஓரத்தைச் சுற்றி இடைவெளி விடாமல் பசையை ஓட்டி, தாளை அழுத்துங்கள். கீழ் விளிம்பில்தான் சூட்சுமம்: தாளின் அடிநுனி கதவின் இரும்புக்கு உள்ளே போய்த் தொங்க வேண்டும், அப்போதுதான் வழியும் தண்ணீர் கதவின் வயிற்றுக்குத் திரும்பும். வெளியே விட்டால் அந்தத் தாளே தண்ணீரை நேராக உங்கள் பேடுக்குக் கொண்டுவந்து கொடுக்கும். சில கதவுகளில் அதற்கென்றே அடியில் நீளப் பிளவு இருக்கும்.

தாள் ஒட்டிய பிறகு, பேட் மாட்டும் முன், வெளியிலிருந்து கண்ணாடி மேல் இரண்டு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். அடித் துளையிலிருந்து சொட்ட வேண்டும், உள்பக்கம் ஒரு துளிகூட வரக் கூடாது. இந்தச் சோதனையில் தேறாமல் பேடை மாட்ட வேண்டாம்.

கதவு திறந்து கிடக்கும்போதே வேறு என்ன பார்த்துவிடலாம்?

வடிகால் துளைகளைக் கம்பி விட்டுக் குத்துங்கள், ஒரு கை மண்ணும் இலையும் விழும். உள்ளே அடி மடிப்பில் துரு இருந்தால் சுரண்டி, துருமாற்றும் திரவம் பூசி, மேலே மெழுகோ கிரீஸோ அடியுங்கள். கண்ணாடி மெஷினின் பல்லுக்கும் உருளைக்கும் கிரீஸ். மெஷினையே கழற்றுவதானால் முதலில் கண்ணாடியை மேலே டேப் போட்டு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அது கத்தி மாதிரி கீழே வரும்.

பவர் விண்டோ வண்டிக்குத் தனியாக ஏதாவது?

பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். பேடை எடுத்ததும் இழுக்காதீர்கள், பின்னால் ஸ்விட்ச் ஒயர் தொங்கும், சாக்கெட்டின் நாக்கை அழுத்திப் பிரியுங்கள். கதவில் ஏர்பேக் உள்ள புதிய வண்டிகளுக்கு இங்கே எழுதியது பொருந்தாது, அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

என் வண்டியில் இடக் கதவு பேட் மட்டும் முதலில் போகிறது, ஏன்?

என் வண்டியிலும் அப்படித்தான், காரணம் 1970. அந்த வருடம் பர்மாவில் சாலையின் இடப்பக்கம் ஓடிய வண்டிகளை வலப்பக்கம் மாற்றினார்கள், ஸ்டியரிங் மட்டும் பெரும்பாலான வண்டிகளில் வலப்பக்கமே இருந்துவிட்டது. முன்னால் போகும் லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் ஓட்டுபவருக்கு எதிரில் வருவது தெரியாது, பக்கத்தில் இடப்புறம் உட்கார்ந்திருப்பவர்தான் கண்ணாடியை இறக்கி, தாங்கியில் கையை ஊன்றி, உடம்பைப் பாதி வெளியே விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். முப்பது வருடம் இப்படிச் சாய்ந்தால் எந்தத் தாங்கிதான் நிற்கும்? அந்தக் கதவில் தாங்கியின் திருகுகள் அட்டையை மட்டும் பிடிக்காமல் உள்ளே இரும்பைப் பிடிக்கிறதா என்று பாருங்கள், அந்தத் துளை கெட்டிருந்தால் பின்னால் ஒரு தகடு வைத்துப் போல்ட் போடுங்கள்.

சத்தம் குறைக்கும் ஷீட் ஒட்டலாமா?

பியூட்டைல் ஷீட் ஒட்டலாம், வெளித்தகட்டின் உள்பக்கம் இரண்டு துண்டு போதும். கூரை ஒழுக்குக்கு ஒட்டும் தார் டேப் வேண்டவே வேண்டாம். ஏப்ரல் வெயிலில் உருகி வடிகால் துளையை அடைக்கும், நாற்றம் வேறு.

வெற்றிலைக் கறையும் தனகாக் கறையும் புது ரெக்சினில் போகுமா?

தனகா சோப்புத் தண்ணீரில் போய்விடும். வெற்றிலைக் கறை அன்றைக்கே துடைத்தால் போகும், ஒரு வாரம் விட்டால் வெளிர் நிற ரெக்சினில் நிரந்தரமாகக் குடியேறிவிடும். தின்னர் வைத்துத் தேய்த்தால் கறை போகும், கூடவே ரெக்சினின் நிறமும் போகும். என் வண்டியில் அடுத்த தடவை அடர் பழுப்பு நிறத்திலேயே போட்டுவிட்டேன், குன்யா (வெற்றிலைச் சுருள்) மெல்லும் என் மாமா இப்போதும் அதே இடக் கதவோரம்தான் உட்காருகிறார்.